எட்டு முழத் துண்டு

2024 மே 12, ஞாயிற்றுக்கிழமை, காலை 5.52 மணிக்கு, திருமங்கலத்துக்கு மேற்கே பதினான்கு கிலோமீட்டரில் உள்ள வெள்ளப்பாறைப்பட்டி கண்மாயின் மடைக்கு அருகே ஒரு வெள்ளைத் துண்டு வீசப்பட்டது. அறிவிக்கப்பட்டிருந்த நேரம் 6.30.

கோடையில் தண்ணீர் இடுப்பளவுக்கு வற்றியதும் அந்தக் கண்மாயில் மீன்பிடித் திருவிழா நடக்கும். குத்தகைக்காரர் தன் பங்கைப் பிடித்துக்கொண்டு போன பிறகு மிச்சம் இருப்பதெல்லாம் ஊருக்கு. வெளியூர்க்காரர்களும் வரலாம். ஊத்தா கொண்டு வரலாம், வலை கொண்டு வரலாம், கொசுவலையும் பழைய சேலையும்கூடக் கொண்டு வரலாம். ஆனால் துண்டு வீசும்வரை யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. பிடித்த மீனை விற்கக் கூடாது. முதலில் கரைக்கு வரும் மீன் துண்டு வீசியவருக்குச் சேரும். அதை அவர் வேறு யாருக்கும் கொடுக்காமல் தன் வீட்டில் ஆக்கி, முதல் வாய் தானே சாப்பிட வேண்டும். தவறினால் அடுத்த மழைக்குக் கண்மாய் பெருகாது என்பது ஊரின் கணிப்பு.

துண்டு வீசும் மரியாதை நான்கு வகையறாக்களுக்கு முறை வைத்து வரும். உக்கிரபாண்டி வகையறாவுக்கு 2016இல் வந்தது. அந்த ஆண்டு குத்தகைத் தகராறில் நீதிமன்றம் தடை போட்டது. அடுத்து 2020இல் வந்தது. அந்த ஆண்டு கண்மாய்க் கரையில் நான்கு போலீஸ்காரர்கள் முகக்கவசத்துடன் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது முறைதான் 2024. அடுத்தது 2028. உக்கிரபாண்டிக்கு வயது அறுபத்தொன்று, சர்க்கரை உண்டு.

அவர் திருமங்கலத்துக்கும் மதுரைக்கும் இடையே முப்பத்திரண்டு ஆண்டுகள் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ ஆயிரம் முறை விசில் அடித்து பஸ்ஸைக் கிளப்பியிருக்கிறார். ஒரு முறை துண்டை வீசி ஊரைக் கிளப்ப வேண்டும் என்பது மட்டும் பாக்கி இருந்தது.

சாதாரணத் துண்டு போதாது என்பது அவர் முடிவு. கண்மாய் முந்நூறு ஏக்கர். எதிர்க்கரையில் நிற்பவர்களுக்குத் துண்டு தெரிவதில்லை, இக்கரைக்காரர்கள் இறங்குவதைப் பார்த்துத்தான் இறங்குகிறார்கள் என்று ஆண்டுதோறும் புகார் வரும். ஏப்ரல் மாதம் அவர் மதுரை செல்லூருக்குப் போய், விசைத்தறியில் துண்டு நெய்து விற்கும் சௌரிராஜனைப் பார்த்தார். சௌரிராஜனின் துண்டுக் கட்டுகள் இருபது ஆண்டுகளாக உக்கிரபாண்டியின் பஸ்ஸில்தான் திருமங்கலம் கடைகளுக்குப் போயின. பழக்கம் அப்படி வந்தது.

“எம்புட்டு நீளம்ணே வேணும்?” என்று கேட்டார் சௌரிராஜன்.

“எந்தக் கரையில நிக்கிறவனுக்கும் தெரியணும்.”

“அதை முழத்துல சொல்லுங்க.”

“எட்டு முழம்.”

“எட்டு முழம்னா வேட்டிண்ணே.”

“வேட்டிய எவனாவது வீசுவானாய்யா? துண்டுதான் வீசணும்.”

“எட்டு முழத்துல நெய்ஞ்சா அது வேட்டியாத்தானே வரும்?”

“நீ துண்டுன்னு நெனச்சு நெய்யி சௌரி. துண்டா வரும்.”

சௌரிராஜன் துண்டு என்று நினைத்தே நெய்தார். இரண்டு பக்கமும் நான்கு விரல் சிவப்புக் கரை வைத்தார். கேட்காமலேயே நடுவில் ‘உக்கிரபாண்டி’ என்று ஒரு முழ உயரத்தில் சிவப்பு நூலில் எழுத்துப் போட்டார். திருவிழா அன்று தானே நேரில் கொண்டு வந்து தருவதாகவும் சொன்னார். அவர் மீன் சாப்பிடாதவர். அவர் வீட்டில் முட்டை உடைத்தது கிடையாது. மீன் பிடிப்பதை வேடிக்கை பார்ப்பதில் தவறில்லை என்று மனைவி மீனலோசனியிடம் அனுமதி வாங்கியிருந்தார்.

அன்று காலை ஐந்தே முக்காலுக்கு அவர் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தபோது கண்மாயைச் சுற்றி இரண்டாயிரம் பேராவது நின்றிருப்பார்கள். மூன்று மணிக்கே வந்து இடம் பிடித்தவர்களும் இருந்தார்கள். எல்லாருடைய கண்ணும் மடைக்கு மேலே இருந்த கரையில் இருந்தது. உக்கிரபாண்டி அங்கே இல்லை. கரைக்குப் பின்னால் பள்ளத்தில் இருக்கும் மடைக்கருப்பு கோயிலில் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பூசை ஆறே காலுக்கு முடியும் என்று திட்டம்.

கரையில் உக்கிரபாண்டியின் மனைவி நாகஜோதி ஊத்தாவோடு நின்றிருந்தார். ஊத்தா என்பது இரண்டு பக்கமும் திறந்த மூங்கில் கூடை; மீன் மேல் கவிழ்த்து, மேல்வாய் வழியே கையை விட்டுப் பிடிக்க வேண்டும். பக்கத்தில் மருமகன் சூரியபிரகாஷ் செல்போனைக் குச்சியில் மாட்டி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர். மாமனார் துண்டு வீசுவதைக் குடும்பத்துக்காகப் படம் பிடிக்கும் பொறுப்பு அவருடையது.

“வாங்கண்ணே,” என்றார் நாகஜோதி. “துண்டு கொண்டாந்துட்டீகளா? எட்டு முழம் இருக்குமா? அரை முழம் கொறஞ்சாலும் இன்னைக்குப் பூரா என்னையத்தான் வைவாரு.”

இந்தக் கேள்வி கடையில் சௌரிராஜன் காதில் தினமும் பத்து முறை விழும். அதற்கு அவர் வாயால் பதில் சொல்வதில்லை. மடிப்பைப் பிரித்து, இரண்டு முனைகளைப் பிடித்து, வெளிச்சம் இருக்கும் பக்கம் திரும்பி, தலைக்கு மேலே தூக்கி ஓர் உதறு உதறுவார். துணி படாரென்று விரியும். வாங்க வந்தவர் மேற்கொண்டு பேச மாட்டார். முப்பது ஆண்டுகளாக அதுதான் முறை.

வெளிச்சம் கிழக்கே இருந்தது. கண்மாயும் கிழக்கே இருந்தது. சௌரிராஜன் கரையின் விளிம்புக்கு இரண்டு அடி நடந்து, துண்டைத் தலைக்கு மேலே தூக்கி உதறினார்.

அதிகாலைக் காற்று ஒத்துழைத்தது. எட்டு முழமும் விரிந்து நின்றது. எதிர்க்கரையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. பிறகு எல்லாக் கரையிலிருந்தும் கிளம்பியது. துண்டு நன்றாக இருப்பதற்காக ஊர் கை தட்டுகிறது என்றுதான் முதலில் நினைத்ததாக சௌரிராஜன் பின்னால் சொன்னார். துண்டை இறக்கிப் பார்த்தபோது எதிர்க்கரையில் யாரும் இல்லை. எல்லாரும் தண்ணீரில் இருந்தார்கள்.

நாகஜோதி ஒரு கணம் அவரைப் பார்த்தார். ஒரு கணம் கண்மாயைப் பார்த்தார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஊத்தாவோடு இறங்கிவிட்டார்.

கோயிலில் பூசாரி திருநீறு பூசக் கை நீட்டிய நேரம். சத்தம் கேட்டு உக்கிரபாண்டி திரும்பியதில் திருநீறு காதில் விழுந்தது. ஒரு பக்கம் வெள்ளைக் காதோடு அவர் கரை ஏறி வந்தார்.

“எவன்டா வீசுனது?”

சௌரிராஜன் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். அவர் பதற்றத்தில் செய்யும் வேலை அது.

“அண்ணே, நான் வீசலண்ணே. நீளம் காட்டுனேன்.”

“யாருக்கு?”

“தங்கச்சிக்கு.”

உக்கிரபாண்டி கண்மாயைப் பார்த்தார். “தங்கச்சிக்கு மட்டுமாய்யா காட்டியிருக்க?”

ஊராட்சித் தலைவர் ஜெயக்கொடி பைக்கில் வந்து இறங்கினார். உக்கிரபாண்டிக்குப் பங்காளி மகள் முறை. அரை மணி நேரம் இருக்கிறதே என்று வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தவர், சத்தம் கேட்டு டம்ளரோடு வந்திருந்தார்.

“சின்னையா, மணி ஆறுகூட ஆகல. ஏன் வீசுனீக?”

“நான் எங்க தாயி வீசுனேன்? மைக்கக் குடு.”

ஊர்க்காரர்களில் மைக் செட்டுக்காரர் ஒருவர்தான் கரையில் மிச்சம் இருந்தார். அவர் இறங்காததற்குக் காரணம் ஆம்ப்ளிஃபையர். உக்கிரபாண்டி மைக்கை வாங்கினார்.

“அன்பான ஊர்மக்களே! இன்னும் துண்டு வீசல! எல்லாரும் கரையேறுங்க! ஆறரைக்கு முறைப்படி வீசுவேன், அப்ப இறங்கலாம்!”

“வீசிருச்சுண்ணே!” என்று தண்ணீரிலிருந்து ஒரு குரல் வந்தது. “இந்த வருசம்தான் நல்லாத் தெரிஞ்சுச்சு! துண்டு பிரமாதம்!”

ஜெயக்கொடி மைக்கை வாங்கி, பிடித்த மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டு எல்லாரும் கரையேறுமாறு கேட்டுக்கொண்டார்.

“மீனுக்கும் ஒரு வார்த்தை சொல்லிரு தாயி, விட்ட எடத்துக்கே திரும்பி வரச்சொல்லி!” என்று இன்னொரு குரல். கண்மாய் முழுக்கச் சிரித்தது.

அறிவிப்பை மதித்துக் கரையேறியவர் ஒரே ஒருவர். பசுமலையிலிருந்து வந்திருந்த சூரியபிரகாஷின் அப்பா. அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்கவில்லை.

மற்றவர்களுக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது. அந்த ஆண்டு குத்தகைக்காரர் தேர்தல் வேலையில் அலைந்ததால் இரண்டு முறைதான் வலை போட்டிருந்தார். அதனால் மீன் அதிகம் இருந்தது என்று ஒரு கட்சி சொன்னது. மீன் எழுந்திருக்கும் முன்பே இறங்கிவிட்டதால்தான் என்றது இன்னொரு கட்சி. காரணம் எதுவோ, ஊத்தாவைக் கவிழ்த்த இடத்திலெல்லாம் உள்ளே ஏதோ முட்டியது. இரண்டு கிலோ கட்லாக்களும் ரோகுகளும் வந்தன. கெளுத்தி குத்திய கைகளை உதறிக்கொண்டு ஆட்கள் சிரித்தார்கள். கொசுவலையில் அயிரை படி படியாக ஏறியது. வேட்டியில் மூட்டை கட்டியவர்களுக்கு உடுத்திக்கொள்ள எதுவும் இல்லாமல் தண்ணீரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டி வந்தது. நாகஜோதி ஊத்தாவுக்குள் கையை விடும்போதெல்லாம் கரையைப் பார்த்து, “என்னங்க, கூடை எடுத்துட்டு வாங்க!” என்று கூப்பிட்டார். உக்கிரபாண்டி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஆறரைக்கு, அதாவது துண்டு வீச வேண்டிய நேரத்துக்கு, சிவக்குமார் கரையேறினார். அவருடைய தோளில் முதல் மீன் இருந்தது. மூன்றரைக் கிலோ விரால். அந்தக் கண்மாயில் அவ்வளவு பெரிய விராலை அதுவரை யாரும் பார்த்ததில்லை. சிவக்குமார் அடுத்த முறைக்கார வகையறா. 2025 அவருடையது.

விராலை உக்கிரபாண்டியின் காலடியில் வைத்து, கை கூப்பினார்.

“மாமா, வாங்கிக்கங்க. உங்க முறை நல்லபடியா முடிஞ்சுச்சு.”

“என்ன மாப்ள முடிஞ்சுச்சு? இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.”

“துண்டு வீசியாச்சு, ஊரு இறங்கியாச்சு, மீனு கரைக்கு வந்தாச்சு. இதுக்கு மேல என்ன பாக்கி?”

“நான் வீசல மாப்ள! வெளியூர் ஆளு வீசுனா அது எங்க வகையறா முறையில சேருமா? அடுத்த வருசம் நான்தான் வீசுவேன்.”

சிவக்குமார் இதற்காகவே காத்திருந்தவர் போலச் சொன்னார்: “2017ல கண்மாய் காஞ்சு கெடந்துச்சு. எங்கப்பா அடுத்த வருசம் கேட்டாரு. அப்ப எந்திரிச்சு, ‘தண்ணி இருந்தாலும் இல்லாட்டியும் முறை முறைதான்’னு பேசுனது யாரு மாமா?”

பேசியது உக்கிரபாண்டிதான். 2016இல் தனக்கு விட்டுக்கொடுக்காத ஊர் 2017இல் இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது அப்போது அவர் நியாயம். கூட்டத்தில் கைதட்டலும் வாங்கியிருந்தார்.

“கண்மாய் காயிறது வேற, இது வேற.”

“என்ன வேற?”

“அப்ப யாருமே வீசல. இப்ப வீச வேண்டாதவன் வீசிட்டான்.”

“துண்டுல உங்க பேருதான மாமா இருக்கு?”

விரால் இதற்குள் கரையில் இரண்டு அடி நகர்ந்திருந்தது. விரால் தண்ணீர் இல்லாமலும் வெகுநேரம் தாங்கும். சௌரிராஜன் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

ஜெயக்கொடி சாட்சி கேட்டார். சூரியபிரகாஷ் செல்போனை நீட்டினார். ஒத்திகை பார்த்தபோது ஓடிக்கொண்டிருந்த வீடியோவில் எல்லாம் பதிவாகியிருந்தது. ஆறு பேர் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். திரை முழுக்க ஒரு வெள்ளைத் துண்டு விரிந்தது. அதில் ‘உக்கிரபாண்டி’ என்று சிவப்பில் இருந்தது. ஆள் தெரியவில்லை.

“பாத்துக்கங்க,” என்றார் சிவக்குமார். “இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? பேரு போட்டே குடுத்திருக்காரு.”

“கீழ பாரு மாப்ள.”

துண்டுக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. சாம்பல் நிற பேண்ட், பிரவுன் செருப்பு. எல்லாரும் சௌரிராஜனின் காலைப் பார்த்தார்கள். பிறகு உக்கிரபாண்டியின் புது வேட்டியைப் பார்த்தார்கள்.

“பேண்ட் போட்டு வீசுன மொத ஆளு நீங்கதான் சார்,” என்றார் மைக் செட்டுக்காரர்.

ஜெயக்கொடி டம்ளரில் மிச்சமிருந்த காபியைக் குடித்து முடித்தார். பிறகு பேசினார்.

“துண்டுல இருக்கிற பேரு பெருசில்ல, வீசுன கைதான் பெருசு. வீசுன கைக்குத்தான் மொத மீனு. இந்த விரால செல்லூர் அண்ணன் வாங்கிக்கிட்டா, வீசுனது அவரு. சின்னையா முறை அப்படியே இருக்கு, அடுத்த வருசம் வீசலாம். அவரு வாங்கலன்னா மீனு சின்னையாவுக்கு. முறையும் முடிஞ்சுச்சு, அடுத்த வருசம் சிவக்குமாரு. சரியா?”

“சரி,” என்றார் சிவக்குமார் உடனே. சௌரிராஜனின் நெற்றியைப் பார்த்துவிட்டுச் சொன்ன சரி அது. நாமம் போட்ட நெற்றி. “வாங்குனாப் பத்தாது தாயி. முறை என்ன? வித்துரக் கூடாது, அடுத்தவருக்குக் குடுக்கக் கூடாது, வீட்டுல ஆக்கி மொத வாய் அவருதான் சாப்புடணும். தப்புனா கண்மாய் காஞ்சுரும். ஊருல எழுநூறு ஏக்கர் இதை நம்பி இருக்கு.”

எல்லாரும் சௌரிராஜனைப் பார்த்தார்கள். சௌரிராஜன் விராலைப் பார்த்தார். விரால் வாயைத் திறந்து மூடியது.

உக்கிரபாண்டி அவரைத் தனியே அழைத்துப் போனார். தனியே என்பது நான்கடி தூரம். எல்லாருக்கும் கேட்டது.

“வேணாம் சௌரி. உன் வீட்டுல என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். விட்டுரு. 2028 வரைக்கும் நான் இருந்தா பாத்துக்குறேன்.”

“அண்ணே, அப்படிச் சொல்லாதீங்க.”

“சரி, சொல்லல. ஆனா சர்க்கரை முந்நூத்தி இருபது இருக்கு.”

சௌரிராஜன் செல்போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். அவர்கள் வீட்டு மொழி சௌராஷ்டிரம். கரையில் இருந்த யாருக்கும் ஒரு சொல்லும் புரியவில்லை. அதனால் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தே கேட்டார்கள். முதல் நிமிடம் அவர் பேசினார். அடுத்த நான்கு நிமிடம் கேட்டார். நடுவில் ஒரு முறை செல்போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தார்.

“முடிஞ்சுச்சு,” என்றார் சிவக்குமார் மெதுவாக.

சௌரிராஜன் போனை வைத்தார்.

“வீட்டுப் பாத்திரம் எதையும் தொடக் கூடாதாம். அடுப்பையும் தொடக் கூடாது. வாசப்படி தாண்டி மீனு உள்ள வரக் கூடாது. மொட்டை மாடிக்கு வெளியில இருந்தே படி இருக்கு, அங்க என்ன வேணாலும் பண்ணிக்கச் சொல்லிட்டா.”

“அது எப்படி?” என்று சிவக்குமார் குதித்தார். “வீட்டுலன்னுதான முறை! மொட்டை மாடி வீடா?”

“வீட்டுக்கு வரி போடுறப்ப மாடியையும் சேத்துத்தான போடுறோம்?” என்றார் ஜெயக்கொடி. “மாடியும் வீடுதான்.”

“அவருக்கு ஆக்கத் தெரியுமா?”

“நான் வாரேன்,” என்றது ஒரு குரல். நாகஜோதி கரையேறியிருந்தார். தோளில் சேலை மூட்டை, இடுப்பில் ஊத்தா, முகமெல்லாம் சேறு. மூட்டைக்குள் பதினோரு கிலோ மீன் இருந்தது. “சட்டி, அருவாமனை, மசால் எல்லாம் எங்க வீட்டுல இருந்து எடுத்துட்டுப் போறேன். ஏங்க, உங்களுக்காகத்தான அண்ணன் ஒத்துக்கிட்டாரு, மரமாட்டம் நிக்கிறீக? அந்த வெறால எடுத்துக் குடுங்க.”

உக்கிரபாண்டி குனிந்து விராலை எடுத்தார். இரண்டு கையாலும் நீட்டினார். தனக்குக் கிடைக்க வேண்டிய மரியாதையைத் தன் கையாலேயே கொடுத்த ஆள் அந்த ஊர் வரலாற்றில் அவர்தான் என்று சிவக்குமார் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். சௌரிராஜன் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினார். விரால் நழுவியது. மறுபடியும் நீட்டினார், மறுபடியும் நழுவியது. கடைசியில் எட்டு முழத் துண்டில் சுற்றித்தான் வாங்கிக்கொள்ள முடிந்தது.

அன்று பகல் ஒரு மணிக்கு, வெயில் உச்சியில் இருந்தபோது, செல்லூரில் சௌரிராஜன் வீட்டு மொட்டை மாடியில் மூன்று செங்கல் வைத்து நாகஜோதி அடுப்பு மூட்டினார். தெருவில் இரு பக்கமும் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. குழம்பு கொதிக்கத் தொடங்கியதும் பக்கத்து மாடிகளில் ஒவ்வொருவராகத் துணி எடுக்க வந்தார்கள். எடுக்கத் துணி இல்லாதவர்களும் வந்தார்கள். மீனலோசனி கீழே கதவைச் சாத்திக்கொண்டு ஊதுவத்தி ஒரு பாக்கெட் கொளுத்தி வைத்திருந்தார்.

ஊருக்கு ஆதாரம் வேண்டும் என்று ஜெயக்கொடி சொல்லியிருந்தார். சூரியபிரகாஷ் குச்சியில் செல்போனை மாட்டினார். இந்த முறை ஆள் முகம் தெரியும்படி வைத்தார்.

“கண்ணை மூடிக்கிறட்டுமா?” என்று கேட்டார் சௌரிராஜன்.

“மூடாத. தூங்குனாருன்னு சிவக்குமார் சொல்லிருவான்,” என்றார் உக்கிரபாண்டி.

சௌரிராஜன் சோற்றில் குழம்பைப் பிசைந்து, ஒரு துண்டு விராலைச் சேர்த்து வாயில் வைத்தார். மென்றார். விழுங்கினார். தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

“எப்படிண்ணே இருக்கு?” என்றார் நாகஜோதி.

“உப்பு கொஞ்சம் கம்மிம்மா.”

வீடியோ ஊரின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. சௌரிராஜன் இரண்டாவது வாய்க்கும் மூன்றாவது வாய்க்கும் தானாகவே கை நீட்டிய பகுதியை வெட்டிவிட்டு அனுப்பச் சொல்லியிருந்தார். சூரியபிரகாஷ் மறந்துவிட்டார். அந்தக் குழுவில் மீனலோசனி இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடிய ஊர்க்கூட்டத்தில் உக்கிரபாண்டி எதிர்பாராத ஒரு சிக்கல் வந்தது. அவருடைய முறையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பதினைந்து ஆண்டுகளில் அவ்வளவு மீன் கிடைத்ததில்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஒரு வீட்டில்கூட மீன் இல்லாமல் இல்லை. கருவாடு போடுவதற்கு உப்பு கிடைக்காமல் திருமங்கலம் வரை ஆள் போனது.

“செல்லூர்க்காரர் கை ராசியான கை,” என்றார் கூட்டத்தில் ஒருவர். “அடுத்த வருசமும் அவரே வீசட்டுமே?”

“நல்ல யோசனை,” என்றார் சிவக்குமார். “எங்க வகையறா முறைக்கும் அவரையே கூப்புடுறோம்.”

உக்கிரபாண்டி எழுந்தார். “யோவ், நான் என்ன செத்தா போயிட்டேன்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வீச விடுங்கய்யா. மீனு வந்தாலும் சரி, வராட்டியும் சரி.”

“வராட்டியும் சரியா மாமா?”

“வராட்டியும் சரி. முறை முறைதான்.”

இந்த முறையும் கைதட்டல் விழுந்தது. ஜெயக்கொடி தீர்மானத்தைப் படித்தார்: 2025இல் உக்கிரபாண்டி வீசுவார். துண்டு எந்த அளவில் இருந்தாலும், வீசும் நேரம் வரை மடிப்புக் கலையக் கூடாது.

அந்த ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தது. கண்மாய் பெருகியது. தேர்தல் இல்லாததால் குத்தகைக்காரர் வாரம் இரண்டு முறை வலை போட்டார்.

2025 மே 18, ஞாயிற்றுக்கிழமை, சௌரிராஜன் வரவில்லை. துண்டை வெளுத்து, மடித்து, பஸ்ஸில் கொடுத்து அனுப்பியிருந்தார். ஊர்த் தீர்மானத்தை மதித்து நான்கு பக்கமும் நெருக்கித் தையல் போட்டிருந்தார். கரையில் யாரிடமும் கத்தரிக்கோல் இல்லை. மைக் செட்டுக்காரரின் இடுக்கியால் தையலைப் பிரிக்க ஏழு நிமிடம் ஆனது. இரண்டாயிரம் பேர் அசையாமல் நின்றார்கள்.

6.37க்கு உக்கிரபாண்டி துண்டை வீசினார். முதல் மீன் ஒரு ஜிலேபி, இருநூறு கிராம். அதை அவர் வீட்டுக்கு எடுத்துப் போனார்.